நெஞ்சு கரிப்போடு வருஷக்கணக்கில் வாழ்கிறவர்களுக்கு: மாத்திரை முதல் படுக்கை வரை ஒரு முழு வழிகாட்டி

ஆறு வருஷம் நான் வயிற்று அமிலத்தைக் குறைக்கிற பான்டோப்ரசோல் மாத்திரையைச் சாப்பிட்ட பிறகுதான் போட்டுக்கொண்டிருந்தேன். ராத்திரி பத்து மணிக்குக் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, வயிறு முட்டச் சாப்பிட்டு, கை கழுவி, அப்புறம் மாத்திரை, அப்புறம் நேராகப் படுக்கை. பன்னிரண்டு மணிக்கு எதுக்களித்துக்கொண்டு எழுந்தால் தொண்டை வரைக்கும் புளித்த தண்ணீர் நிற்கும், நெஞ்சுக்கூட்டுக்குப் பின்னால் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரியும். மாத்திரை சரியில்லை என்று கம்பெனியை மாற்றினேன், ஒன்றை இரண்டாக்கினேன், அதற்கு மேல் பச்சை நிற மருந்துத் தண்ணீர் வேறு பாட்டில் பாட்டிலாகக் குடித்தேன். கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு வயிற்று டாக்டரிடம் போனபோது, நான் கட்டி எடுத்துப்போன பழைய சீட்டுகளை அவர் பிரிக்கக்கூட இல்லை. முதல் கேள்வியே, "அண்ணாச்சி, மாத்திரைய எப்பம் போடுதிய?" என்பதுதான். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த ஒரு கேள்வியை ஆறு வருஷத்துக்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால் எத்தனை ராத்திரி உறக்கம் மிஞ்சியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன். நான் டாக்டர் இல்லை, திருநெல்வேலி டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவன். ஆனால் பதினொரு வருஷமாக இதோடு வாழ்கிறேன், கேட்டுக் கேட்டு, படித்துப் படித்துத் தெரிந்துகொண்டதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இதைப் படித்துவிட்டு உங்கள் டாக்டரிடம் பேசுங்கள், அவருக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் படி: இது நெஞ்சு கரிப்புதானா என்று உறுதி செய்யுங்கள்

நம் பக்கத்தில் மார்பில் எது வந்தாலும் வாய்வு என்றுதான் சொல்வோம். பூண்டைச் சுட்டுத் தின்பது, மோரில் பெருங்காயம் கரைத்துக் குடிப்பது, சோடா வாங்கி உடைப்பது என்று இரண்டு மணி நேரம் ஓடிவிடும். எங்கள் தெருவில் ஒரு பலசரக்குக் கடை அண்ணாச்சி, இடது தோள் இழுக்கிறது, வியர்க்கிறது என்று காலை ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை சோடா குடித்துக்கொண்டு கல்லாவிலேயே உட்கார்ந்திருந்தார். அது மாரடைப்பு. உயிர் பிழைத்தார், ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி போனது போனதுதான்.

ஆகவே இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நடந்தால், மாடி ஏறினால் மார்பு இறுக்குகிறது, நின்றால் குறைகிறது. வலி கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுகிறது. வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம் வருகிறது. இப்படி ஏதாவது இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள், முதலில் ஈசிஜி. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் மாரடைப்பு வெறும் அஜீரணம் போலவே வரக்கூடும், அதனால் அவர்கள் இன்னும் சீக்கிரம் போக வேண்டும்.

நெஞ்சு கரிப்பு வேறு மாதிரி இருக்கும். சாப்பிட்ட பிறகு, குனியும்போது, படுக்கும்போது கூடும். கீழிருந்து மேலே ஏறும். வாயில் புளிப்போ கசப்போ தட்டும். சிலருக்கு எரிச்சலே இருக்காது, காலையில் குரல் கம்மிப்போய் இருக்கும், தொண்டையில் ஏதோ அடைத்தது போல இருக்கும், விடாத வறட்டு இருமல் இருக்கும். ஆனால் இவை மூன்றுக்கும் வேறு காரணங்களும் நிறைய உண்டு என்பதால், தொண்டைத் தொந்தரவு மட்டும் இருக்கிறவர்கள் காது மூக்கு தொண்டை டாக்டரையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

இனி, மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்கவே கூடாத அறிகுறிகள்: விழுங்கும்போது சோறு நெஞ்சில் நின்று இறங்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், விடாத வாந்தி, ரத்தசோகை. வாழ்நாளில் இல்லாத நெஞ்சு கரிப்பு ஐம்பது, அறுபது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்தாலும் இதே கணக்குதான். இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்க்கிற பரிசோதனை, செய்ய வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கே போகலாம், செலவுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டாம் படி: உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இது புரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும். உணவுக்குழாய் வயிற்றோடு சேருகிற இடத்தில் ஒரு வளையத் தசை இருக்கிறது. உணவு இறங்கத் திறந்து, உடனே மூடிக்கொள்ள வேண்டியது அதன் வேலை. அது தளர்ந்தாலோ, நேரம் கெட்ட நேரத்தில் திறந்தாலோ, வயிற்றின் மேல்பகுதி, மார்பையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத் தசையின் ஓட்டை வழியாக மார்புக்குள் ஏறிக்கொண்டாலோ அமிலம் மேலே வரும். வயிற்றுக்கு அமிலத்தைத் தாங்குகிற உட்பூச்சு உண்டு, உணவுக்குழாய்க்கு அது கிடையாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நாம் போடுகிற மாத்திரை அந்த வளையத்தைச் சரிசெய்வதே இல்லை. மேலே வருகிற தண்ணீரின் புளிப்பைத்தான் குறைக்கிறது. அதனால்தான் மாத்திரை போட்டும் சிலருக்கு எரிச்சல் நின்றுவிடும், எதுக்களிப்பு மட்டும் நிற்காது. அந்த எதுக்களிப்பைக் குறைக்க படுக்கை, சாப்பாட்டு நேரம், இடுப்புச் சுற்றளவு இவை மூன்றும்தான் முக்கிய வழி.

மூன்றாம் படி: மாத்திரையைச் சரியான நேரத்தில் போடுங்கள்

ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல், ரபிப்ரசோல், எசோமிப்ரசோல் எல்லாம் ஒரே குடும்பம். வயிற்றுச் சுவரின் செல்களில் அமிலத்தைத் தள்ளுகிற நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. வயிறு காலியாக இருக்கும்போது அவற்றில் பெரும்பாலானவை சும்மா கிடக்கும், சாப்பிட ஆரம்பித்ததும் வேலை தொடங்கும். மாத்திரையின் மருந்து, ஓடுகிற பம்பை மட்டும்தான் பிடித்து நிறுத்தும், தூங்குகிற பம்பை ஒன்றும் செய்யாது. அந்த மருந்து ரத்தத்தில் இருப்பதோ சில மணி நேரம்தான். வாய்க்காலில் மடை திறக்கிற நேரத்துக்கு ஆள் மண்வெட்டியோடு வரப்பில் நிற்க வேண்டும், வயல் முங்கின பிறகு வந்து நின்று என்ன செய்வது? சாப்பிட்டுவிட்டுப் போடுகிற மாத்திரை அப்படித்தான், உணவோடு கலந்து மெல்ல ரத்தத்தில் ஏறி, அது வருவதற்குள் பம்புகள் ஓடி முடித்திருக்கும்.

ஆகவே காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்னால், வெறும் வயிற்றில், தண்ணீரோடு. போட்டுவிட்டுச் சாப்பிடாமலே இருந்தாலும் வீண்தான், ஏனென்றால் பம்புகளை எழுப்ப உணவு வேண்டும். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு ரெண்டு காப்பியோடு பதினொரு மணி வரை ஓட்டுகிற கடைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

என் கணக்கைச் சொல்கிறேன். ஐந்தரைக்கு எழுந்ததும் சொம்புத் தண்ணீரோடு மாத்திரை. மாத்திரைப் பட்டையைப் பல் துலக்கும் பிரஷ் இருக்கிற டம்ளரிலேயே வைத்திருக்கிறேன், அதனால் மறப்பதில்லை. குளித்து, பால் வாங்கி வந்து, ஆறேகாலுக்குக் காப்பியும் ரெண்டு இட்லியும். காப்பிக்கு முன்னால் இட்லி. இது ஒரு மாதத்தில் பழகிவிட்டது.

மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது, வயிற்று அமிலம் அதைச் சிதைக்காமல் இருக்கத்தான் மேலே பூச்சு போட்டிருக்கிறார்கள். முதல் நாளே குறையவில்லை என்று விட்டுவிடவும் கூடாது, முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். தொடர்ந்து கரிக்கிறவர்களுக்கு வழக்கமாக ஒரு நாளைக்கு ஒன்று வீதம் எட்டு வாரம் கொடுப்பார்கள். ராத்திரித் தொந்தரவு அதிகமாக இருந்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் இரண்டாவது மாத்திரை சேர்ப்பார்கள், அதைத் தூங்கப் போகும்போது போடாதீர்கள்.

தைராய்டு மாத்திரையும் காலையில் வெறும் வயிற்றில் போடுகிறவர்கள் நிறையப் பேர், குறிப்பாக நம் வீட்டுப் பெண்கள். அமிலம் குறைந்தால் தைராய்டு மாத்திரை உடம்பில் சேர்வதும் குறையலாம். ஆகவே இந்த அமில மாத்திரையை ஆரம்பித்த ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒரு தடவை தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

மற்ற மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெல் மருந்துகள் உடனே எரிச்சலை அணைக்கும், ஒன்றிரண்டு மணி நேரம்தான் தாங்கும். மற்ற மாத்திரைகளோடு சேர்த்துக் குடித்தால் அவற்றின் வேலையைக் கெடுக்கும், இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். ஆல்ஜினேட் சேர்ந்த ஜெல் வயிற்றில் மேலே மிதக்கிற ஒரு படலமாக நிற்கும், கல்யாண விருந்துக்குப் பிறகும் ராத்திரி படுக்கும் முன்னும் அது நல்ல துணை. ஃபமோடிடின் என்ற வேறு வகை அமில மாத்திரை ராத்திரி மட்டும் கரிக்கிறவர்களுக்கு உதவும், ஆனால் தினமும் போட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு பழகிப் பலன் மங்கிவிடும், தேவைப்படுகிற நாளுக்கு வைத்துக்கொள்வதே நல்லது. நம் வீடுகளில் மலிவாகக் கிடைத்த, அதே வகை மாத்திரையான ரானிடிடின், அதில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ஒரு மாசு இருப்பது தெரிந்து 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது, இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் 2022-இல் நீக்கப்பட்டது. வீட்டு டப்பாவில் பழைய பட்டை கிடந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ரொம்ப முக்கியமாக ஒன்று. பெயருக்குப் பின்னால் டி என்றோ டிஎஸ்ஆர் என்றோ ஒட்டியிருந்தால் அதில் டோம்பெரிடோன் என்ற இரண்டாவது மருந்தும் இருக்கிறது. குமட்டல், வாந்திக்கானது அது. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடும் என்பதால் ஐரோப்பிய மருந்து அமைப்பு 2014-இல் அதைக் குறைந்த அளவில், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் கொடுக்கச் சொன்னது. இங்கே மருந்துக்கடையில் கேஸ் மாத்திரை என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது அந்தக் கலவைதான், அதை வருஷக்கணக்கில் விழுங்குகிறவர்களை எனக்கே தெரியும், நானும் மூன்று வருஷம் விழுங்கினேன். உங்கள் பட்டையைத் திருப்பிப் பாருங்கள். டி இருந்தால், வெறும் மாத்திரை போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வெறும் மாத்திரையின் மூலப்பெயரை எழுதி வாங்கிக்கொண்டால் மக்கள் மருந்தகத்தில் விலையும் நன்றாகக் குறையும்.

நான்காம் படி: கட்டிலின் தலைமாட்டை உயர்த்துங்கள்

இதைச் செய்ய ஒரு நாள் போதும், செலவும் மிகக் குறைவு. இருந்தும் இதைத்தான் யாரும் செய்வதில்லை. டாக்டர் சொல்லி எட்டு மாதம் கழித்துத்தான் நானே செய்தேன்.

தலையணையை அடுக்குவது வேறு, கட்டிலைச் சரிப்பது வேறு. இரண்டு மூன்று தலையணை வைத்தால் கழுத்தும் வயிறும்தான் மடங்கும், வயிற்றில் அழுத்தம் கூடி எதுக்களிப்பும் கூடும். இடுப்பிலிருந்து தலை வரை உடம்பு முழுசாகச் சரிவாக இருக்க வேண்டும். தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே ஆறு முதல் எட்டு அங்குலம் உயரம்.

செங்கல் வைத்துப் பார்த்தேன், புரண்டு படுத்தால் கட்டில் நழுவியது, ஒரு ராத்திரி கால் செங்கலை விட்டு இறங்கி வீடே எழுந்துவிட்டது. அப்புறம் எங்கள் தெரு ஆசாரி பழைய வேப்பங்கட்டையில் ஏழு அங்குலத்துக்கு இரண்டு துண்டு அறுத்து, மேலே கட்டில் கால் உட்காரும் அளவுக்கு உளியால் ஒரு அங்குல ஆழம் குழி எடுத்து, அடியில் பழைய சைக்கிள் டயர் ரப்பரை ஆணி அடித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அசையவில்லை. முதல் நாலு ராத்திரி கீழே சறுக்குவது போல இருந்தது. வழுவழுப்பான விரிப்பை எடுத்துவிட்டுக் கைத்தறி ஜமக்காளம் விரித்ததும் அதுவும் சரியாகிவிட்டது. இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் காலையில்தான் கவனித்தேன், ராத்திரி எழுந்திருக்கவே இல்லை.

சரி, பாயில் படுக்கிறவர்கள் என்ன செய்வது? எங்கள் அம்மாவுக்கு எழுபத்தி நாலு வயது, அவளுக்கும் இதே தொந்தரவு. பத்தமடைப் பாயை விட்டு வரமாட்டேன் என்கிறாள். "கட்டில்ல கெடந்தா எனக்கு உறக்கமே வராதுடா" என்று ஒரே பேச்சு. மெத்தைக் கடையில் சொல்லி, கெட்டியான ஃபோமில் ஒரு சரிவுத் துண்டு வெட்டி வாங்கினோம். தலைப்பக்கம் ஏழு அங்குல உயரம், அங்கிருந்து ஒன்றுமில்லாமல் முடிகிற சரிவு, நீளம் மூன்றடி, அகலம் இரண்டரை அடி. அதன் மேலே பாயை விரித்து, ஒரு சிறு தலையணை. மெல்லிய ஃபோம் வாங்காதீர்கள், பத்து நாளில் அமுங்கித் தட்டையாகிவிடும்.

கூடவே, இடது பக்கமாகப் படுத்துப் பழகுங்கள். இடது பக்கம் படுத்தால் வயிற்றுப் பை, உணவுக்குழாய் சேருகிற வாயை விடத் தாழ்ந்து நிற்கும், அமிலம் கீழேயே தேங்கும். வலது பக்கம் படுத்தால் அமிலம் அந்தச் சேருகிற இடத்துக்கு நேராக வந்து நிற்கும்.

ஐந்தாம் படி: என்ன சாப்பிடுகிறோம் என்பதற்கு முன்னால், எப்போது சாப்பிடுகிறோம்

கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணி நேரம் வேண்டும். வயிறு காலியாகாமல் படுத்தால் எந்த மாத்திரையும் முழுசாகக் காப்பாற்றாது. கடைக்காரர்களுக்கும் பஸ் ஓட்டுகிறவர்களுக்கும் இது கஷ்டம் என்று தெரியும், நானும் அந்த ஆள்தான். நான் செய்தது இதுதான்: ராத்திரிச் சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் கடைக்கே கொண்டு வரச் சொல்லி ஏழு மணிக்குள் முடித்துவிடுகிறேன், வீட்டுக்குப் போய் வெறும் வெந்நீர்தான். முதல் ஒரு மாதம் பத்து மணிக்குப் பசித்தது, அப்புறம் போய்விட்டது. வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவது போய்விட்டதே என்று வருத்தம் இருந்தது, அதற்கு ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டோம்.

இனி உணவு. எல்லாவற்றையும் விலக்கச் சொல்கிற பட்டியல்களை நம்பி நான் ஆறு மாதம் ரசமும் மோரும் மட்டும் சாப்பிட்டு மெலிந்ததுதான் மிச்சம். ஒருவரைக் கரிக்க வைப்பது இன்னொருவரை ஒன்றும் செய்யாது. ரெண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள்: சாப்பிட்டது, மணி, கரித்ததா, எப்போது. ரெண்டு வாரத்தில் உங்களுடைய எதிரி யார் என்று தெரிந்துவிடும், அதை மட்டும் விட்டால் போதும்.

பொதுவாகக் கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதமாக்கும், வளையத் தசையையும் தளர்த்தும். நம் ஊர்ச் சாப்பாட்டில் இதற்குப் பஞ்சமில்லை. எண்ணெயில் மிதக்கிற புரோட்டாவும் சால்னாவும் ராத்திரி பதினொரு மணிக்கு என்றால் அதைவிடக் கெடுதல் வேறில்லை, அதையே மத்தியானம் ஒன்று சாப்பிட்டால் எனக்கு ஒன்றும் செய்வதில்லை. மறுவீட்டுச் சொதி தேங்காய்ப்பால் முழுக்க, அதோடு இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கும் என்று மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மண்டபத்திலேயே சாய்ந்தால் நிச்சயம் கரிக்கும். ஒரு கரண்டிச் சொதி, அப்புறம் அரை மணி நேரம் நடை, படுக்கை கிடையாது என்றால் சமாளிக்கலாம். அல்வாவும் அப்படியே. நெய் சொட்டுகிற நூறு கிராமை ராத்திரி தின்பதற்குப் பதில், சாயங்காலம் ஒரு சின்னத் துண்டு. புளிக்குழம்பு, தக்காளி, பச்சை வெங்காயம், வற்றல் மிளகாய், காப்பி, சாக்லேட், புதினா, கலர் சோடா இவை பலருக்குத் தூண்டுகின்றன. எனக்குப் புளி ஒன்றும் செய்யாது, பச்சை வெங்காயம் கொன்றுவிடும். காலையில் மோர் ஊற்றிய பழைய சோறு எனக்கு இதமாக இருக்கிறது. உளுந்தங்களியை நல்லெண்ணெய் ஊற்றாமல் சாப்பிட மனசு வராது, அதனால் எப்போதாவது காலையில் மட்டும்.

ராத்திரி கரித்தால் பால் குடிப்பது நம் எல்லார் வீட்டிலும் உண்டு. குடித்த உடனே குளிரும், ஆனால் பாலின் புரதமும் கால்சியமும் திரும்ப அமிலத்தைச் சுரக்க வைக்கும், ஒரு மணி நேரத்தில் மறுபடியும் எரியும்.

எடை. இது பேச யாருக்கும் பிடிக்காது, ஆனால் வாழ்க்கைமுறை மாற்றங்களில் இதுவும் கட்டிலை உயர்த்துவதும்தான் உறுதியாகப் பலன் காட்டியவை. தொப்பை வயிற்றை மேல்நோக்கி அழுத்துகிறது. நான் எண்பத்தி மூன்று கிலோவிலிருந்து எழுபத்தி ஆறுக்கு வந்தபோதுதான் ராத்திரி மாத்திரையை விட முடிந்தது. இறுக்கமும் அப்படித்தான்: வேட்டி மேல் போடுகிற அகல பெல்ட்டை இரண்டு ஓட்டை தளர்த்துங்கள், பெண்கள் உள்பாவாடை நாடாவை வயிற்றில் தடம் விழும்படி இறுக்கிக் கட்டாதீர்கள்.

குனிந்து செய்கிற வேலை சாப்பிட்ட உடனே வேண்டாம். மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் பக்கம் சுளகை (முறத்தை) மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றுகிற பெண்களுக்கு இந்தத் தொந்தரவு வந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை, ஜெல் பாட்டில்தான் கொடுக்கிறார்கள். மத்தியானம் சாப்பிட்டதும் முக்கால் மணி நேரம் சுளகைத் தொடாமல் இருந்து, பிறகு முதுகைச் சுவரில் சாய்த்து, சுளகுக்குக் கீழே ஒரு பலகை வைத்து உயர்த்தினால் குனிவது குறையும். கூலி எண்ணிக்கையில் போவதால் முக்கால் மணி நேரம் அவர்களுக்குப் பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். வீட்டில் மற்றவர்கள் அந்த நேரத்துக்கு நூல் கட்டிக் கொடுத்தாவது உதவ வேண்டும்.

சிகரெட், பீடி, வெற்றிலையோடு புகையிலை, சாராயம் எல்லாம் விட வேண்டியவை, இதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

ஆறாம் படி: மற்ற மாத்திரைகளைப் பாருங்கள்

மூட்டு வலிக்குக் கடையில் வாங்குகிற டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள், ஆஸ்பிரின், டாக்ஸிசைக்ளின், இரும்பு மாத்திரை, எலும்புக்குக் கொடுக்கிற அலெண்ட்ரோனேட் இவை உணவுக்குழாயையோ வயிற்றையோ நேராகப் புண்ணாக்கலாம். அம்லோடிபின் போன்ற சில ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் வளையத் தசையைத் தளர்த்தலாம். கொதிப்பு மாத்திரையையும் ஆஸ்பிரினையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மாற்று உண்டா என்று கேளுங்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து க்ளோபிடோக்ரல் சாப்பிடுகிறவர்கள் ஒமிப்ரசோலும் எசோமிப்ரசோலும் தவிர்க்க வேண்டும், அந்த மருந்தின் வேலையை அவை குறைக்கும். பான்டோப்ரசோல் அவ்வளவு குறுக்கிடாது. எந்த மாத்திரையானாலும் முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் நிமிர்ந்தே இருங்கள்.

ஏழாம் படி: வருஷக்கணக்கில் சாப்பிடுவதால் வருகிற பயம்

கிட்னி போகும், எலும்பு ஒடியும், ஞாபகம் போகும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்துப் பயந்து எங்கள் மாமா ஒருவர் ஒரே நாளில் நிறுத்தினார். அவருக்கு உணவுக்குழாயில் கடுமையான புண் இருந்தது. இரண்டு மாதத்தில் ரத்த வாந்தியோடு சேர்த்தோம்.

உள்ளபடி என்னவென்றால், அந்தச் சந்தேகங்களில் பெரும்பாலானவை, மாத்திரை சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் வெளியிலிருந்து கவனித்து எழுதிய ஆய்வுகளிலிருந்து வந்தவை. ஏற்கெனவே பல நோய் உள்ளவர்கள்தான் இந்த மாத்திரையை அதிகம் சாப்பிடுகிறார்கள், அதனால் எது காரணம் என்று பிரிப்பது கடினம். 2019-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் 17,000-க்கும் மேற்பட்ட இதய நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப்பேருக்கு பான்டோப்ரசோல் 40 மில்லிகிராம், மீதிப்பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை என்று சுமார் மூன்று வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். குடல் தொற்று மட்டும் கொஞ்சம் கூடியது, மற்ற பயங்கள் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. மூன்று வருஷம் என்பது இருபது வருஷம் இல்லை, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பயந்து ஓடவும் காரணம் இல்லை.

கவனிக்க வேண்டியவை உண்டு. பி12 குறையலாம், சைவச் சாப்பாடு மட்டும் சாப்பிடுகிற குடும்பங்களிலும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களிலும் அது ஏற்கெனவே குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். கை கால் மரத்துப்போனால், நாக்கு வெந்தது போல இருந்தால் உடனே பாருங்கள். மக்னீசியம் குறைந்தால் கெண்டைக்கால் இழுக்கும், படபடக்கும். நீர் பிரிக்கிற மாத்திரையும் சேர்ந்து சாப்பிட்டால் இன்னும் கவனம். இரும்புச் சத்தும் குறையலாம். கால்சியம் மாத்திரை தேவைப்பட்டால் கார்பனேட்டை விட சிட்ரேட் நன்றாகச் சேரும். கிட்னி வேலையைக் காட்டுகிற கிரியேட்டினினும் பி12-ம் வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், நான் பார்க்கிறேன்.

எட்டாம் படி: குறைப்பது, அதுவும் மெதுவாக

எட்டு வாரம் முடிந்து நன்றாக இருந்தால் குறைத்துப் பார்க்கலாம். யார் குறைக்கக் கூடாது என்பதை முதலில் சொல்கிறேன்: எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய்ப் புண் சி அல்லது டி நிலை, அதாவது கடுமையானது, என்று எழுதியிருப்பவர்கள், உணவுக்குழாயின் உள்தோல் மாறிப்போன பேரட் என்ற நிலை உள்ளவர்கள், வயிற்றில் ரத்தக்கசிவு வந்தவர்கள், ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ தொடர்ந்து சாப்பிட வேண்டியவர்கள். இவர்களுக்கு மாத்திரைதான் பாதுகாப்பு, பெரும்பாலும் ஆயுளுக்கும்.

மற்றவர்கள் ஒரே நாளில் நிறுத்தினால் பலருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் முன்னை விட மோசமாக எரியும். நோய் திரும்பிவிட்டது என்று நினைத்துப் பழையபடி ஆரம்பித்துவிடுவோம். இது வேறு. அமிலத்தை அடக்கி வைத்த காலத்தில் அதைச் சுரக்கச் சொல்கிற காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் கூடியிருக்கும், தடை நீங்கியதும் அமிலம் பொங்கும். டென்மார்க்கில் 2009-இல் எந்தத் தொந்தரவும் இல்லாத 120 பேரை வைத்துப் பார்த்தார்கள். எட்டு வாரம் எசோமிப்ரசோல் சாப்பிட்டு நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சலோ புளித்த ஏப்பமோ புதிதாக வந்தது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 சதவீதம்தான். நோயே இல்லாதவர்களுக்கு இப்படி என்றால் நமக்கு வருவதில் ஆச்சரியமே இல்லை.

நான் குறைத்தது டாக்டர் சொன்னபடி: 40-லிருந்து 20, ஒரு மாதம். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு மாதம். நடுவில் எரிந்த நாட்களில் ஆல்ஜினேட் ஜெல், இல்லையென்றால் ஃபமோடிடின். மூன்றாவது வாரம் ரொம்பக் கஷ்டமாக இருந்தது, ஆறாவது வாரத்தில் அடங்கியது. ஆனித் தேரோட்ட சமயம், தீபாவளி சமயம் குறைக்க ஆரம்பிக்காதீர்கள். கடையில் கூட்டமும் வீட்டில் பலகாரமும் சேர்ந்து தோற்கடித்துவிடும்.

ஒன்பதாம் படி: சரியாக எடுத்தும் நிற்கவில்லை என்றால்

நேரம் தவறாமல் எட்டு வாரம் போட்டும் கரிக்கிறது என்றால் மாத்திரையை ஏற்றிக்கொண்டே போகாமல் எண்டோஸ்கோப்பிக்குப் போங்கள். ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு, தொண்டையில் மரத்துப்போகிற ஸ்ப்ரே, குழாய் உள்ளே இருப்பது சில நிமிஷங்கள்தான். வயிற்றுப் புண் உண்டாக்குகிற ஹெலிகோபாக்டர் கிருமியைப் பார்க்கப் போகிறார்கள் என்றால் மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று வரக்கூடும். அதிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால் மூக்கு வழியாக மெல்லிய குழாய் வைத்து 24 மணி நேரம் அமிலம் ஏறுவதை அளக்கிற பரிசோதனை உண்டு. சிலருக்கு அமிலமே ஏறாது, அங்கே நரம்பு கூச்சமாக இருக்கும், அதற்கு மருந்து வேறு. வளையத்தை இறுக்குகிற அறுவை சிகிச்சை தேர்ந்தெடுத்த சிலருக்கு நன்றாகப் பலன் தருகிறது.

கைமருந்து பற்றிக் கேட்பீர்கள். சீரகத் தண்ணீர், மோர் எல்லாம் இதமாக இருந்தால் குடியுங்கள். ஆப்பசோடாவைக் கரைத்துக் குடிக்காதீர்கள், அதில் உப்புச்சத்து மிக அதிகம், கொதிப்பும் கிட்னித் தொந்தரவும் உள்ளவர்களுக்கு ஆபத்து. சித்த மருந்து எடுக்க விரும்பினால் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, படித்த மருத்துவரிடம் போங்கள். இரண்டு பக்கமும் எடுப்பதை இரண்டு டாக்டர்களிடமும் சொல்லுங்கள். ரெண்டு வெற்றிலைக் கடை தள்ளி யாரோ கொடுக்கிற பொட்டலப் பொடி வேண்டாம்.

இப்போது நான் பான்டோப்ரசோல் 20-ல் இருக்கிறேன், வாரத்தில் மூன்று நாலு நாள். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது கேட்க வேண்டியதை மாத்திரைப் பட்டையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு ஒரு தாளில் வைத்திருக்கிறேன், நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள்: இந்த மாத்திரை எனக்கு எதற்காக, இன்னும் எத்தனை நாள், குறைக்கலாமா, என் எண்டோஸ்கோப்பியில் எந்த நிலை, பி12 கடைசியாக எப்போது பார்த்தது.